ஏழாவது ஸ்டேஜ்

அணுபுரம் குவார்ட்டர்ஸில் பகலில் உரக்கப் பேசுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், இன்னொன்று காக்காய்கள். புதிதாக வந்தவர்களும் ஒரு வாரத்தில் அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வந்து அடக்கிவிட்டுப் போவாள். காரணம், எந்த நேரத்திலும் எந்தத் தெருவிலும் யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க அணுமின் நிலையத்தில் கண் விழித்துவிட்டு வந்து படுத்திருப்பார். 'நைட் ஷிப்ட், மணி அடிக்காதீர்' என்று கதவில் அட்டை தொங்கும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் செங்கம்மாள் மற்ற ஊர்களில் கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். இங்கே மட்டும் கேட்டுக்குள் தலையை நீட்டி, "வஞ்சிரம் கீது, வோணுமாம்மா?" என்று கடத்தல் சரக்கு விற்கிற மாதிரி கேட்பாள்.

இந்தச் சத்தமில்லாமல் வாழும் வித்தைக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு வசுமதிக்குத்தான். கல்யாணமான முதல் மாதத்தில் ஒருநாள், நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த ராமானுஜம் சிவந்த கண்ணோடு எழுந்து வந்தான். "குக்கர் விசில் எழுப்பிடுச்சாங்க?" என்று பதறிப்போய்க் கேட்டாள். அவன் "ம்" என்றான். அந்த ஒரு எழுத்தை அவள் பதினோரு வருஷமாக மறக்கவில்லை. ஷிப்ட் வாரங்களில் குக்கர் பரண் ஏறிவிடும். சோறு பாத்திரத்தில் வடித்ததுதான். சட்னி முந்தின நாளே அரைத்து வைத்தது. செருப்பு வாசலோடு சரி, கொலுசைப் பெட்டியில் வைத்தவள் பிறகு எடுக்கவேயில்லை. மகள் ஸ்வாதி பேசக் கற்றுக்கொண்டதே ரகசியக் குரலில்தான். "உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது பிரச்சினையா?" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு விசாரித்தார். வசுமதிக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு ஜெஸ்ஸி நாசரேத்துக்காரி. பிறவியிலேயே பெரிய குரல். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டே பேசியதில் மூன்று வீட்டு ஜன்னல்கள் ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன. வசுமதிதான் அவளுக்குக் குரலை இறக்கிப் பேசப் பழக்கினாள். அந்தப் பழக்கத்தில் இரண்டு பேரும் சினேகிதிகள் ஆனார்கள். பதினோரு வருஷத்தில் வசுமதிக்கு வாய்த்த ஒரே சினேகிதி அவள்தான்.

அந்த ஜெஸ்ஸியின் கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அண்ணன் பையனுக்கு ஒரு டிவி கேம் வாங்கிவந்தான். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் ஒரு ராக்கெட் படமும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தும் இருந்தன. பையன் மூன்றாவது ஸ்டேஜ் வரை ஆடிவிட்டு, "போரும்மா" என்று கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஜெஸ்ஸிக்கு அதைச் சும்மா கிடக்கவிட மனசு வரவில்லை. அவள் வீட்டு டிவி பழசு, இந்தப் பெட்டியின் ஒயரைச் செருக அதில் ஓட்டை கிடையாது. வசுமதி வீட்டு டிவியில் இருந்தது. மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளைப் பின் சத்தத்துக்கு. உள்ளறையில் மனுஷன் தூங்கும்போது சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வெள்ளைப் பின்னை முதல் நாளிலிருந்தே டிவிக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள்.

ராமானுஜம் சாப்பிட்டுப் போய்ப் படுத்ததும் காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். கறுப்பு வானத்தில் வசுமதிக்கு நீலக் கப்பல், ஜெஸ்ஸிக்குப் பச்சைக் கப்பல். எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். ஆளுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடியும் முதல் ஸ்டேஜ். நேற்று எதுவரை வந்தாய், எத்தனை நாளாக மாவாட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றெல்லாம் அந்தப் பெட்டிக்குக் கவலை கிடையாது. ஆறாவது ஸ்டேஜில் இருக்கும்போது பிரிஜ் ஓடத் தொடங்கினால் டிவி ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். அத்தோடு எல்லாம் போய், முதல் ஸ்டேஜின் அந்தப் பல்லிளிக்கும் கிரகம் வந்து நிற்கும். வாய்விட்டுத் திட்டவும் முடியாது. இரண்டு பெண்களும் உதட்டை மட்டும் அசைத்துத் திட்டிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள்.

கல்மழை பொழியும் நாலாவது ஸ்டேஜைத் தாண்டவே தீபாவளி வந்துவிட்டது. ஐந்தில் புழு, ஆறில் ஒற்றைக்கண் பூதம். பொங்கலுக்குள் அவற்றையும் ஒரு வழி பண்ணினார்கள். எல்லாம் அந்த ஏழாவது ஸ்டேஜில்தான் வந்து மாட்டிக்கொண்டது.

ஏழாவதில் ஒன்றுமே கிடையாது. வெறும் வானம், நாலு நட்சத்திரம். எதிரி இல்லை, குண்டு இல்லை. கப்பல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நீலக் கப்பல் வெடிக்கும். ஏன் என்று பார்ப்பதற்குள் பச்சைக் கப்பலும் வெடிக்கும். மேலே போனாலும் வெடித்தது, கீழே போனாலும் வெடித்தது. கேசட் கோளாறு என்றாள் வசுமதி. கழற்றி ஊதி, துடைத்து, மறுபடி போட்டார்கள். அப்போதும் வெடித்தது.

"இத உண்டாக்குனவனுக்கு அவன் பொண்டாட்டி ஒரு மாசத்துக்கு உப்பில்லாத சோறு போடணும், வசுக்கா" என்று ஜெஸ்ஸி காதோடு காதாகச் சபித்தாள்.

மே மாதம் ஜெஸ்ஸியின் புருஷன் ஜெபசிங்குக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. அந்தச் சேதியை ஜெஸ்ஸி சொன்னபோது வசுமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ராமானுஜம் படுத்திருந்தான், அதனால் அழவில்லை. போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லாத விஷயம் இது. அதனால், "ஏழாவத முடிச்சிட்டுப் போடியம்மா" என்று மட்டும் சொன்னாள். ஜெஸ்ஸி அவள் கையைப் பிடித்து, "முடிக்காம லாரியில ஏற மாட்டேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து அது இரண்டு பேருக்கும் விளையாட்டாக இல்லை. அதை முடித்துவிட்டால், ஒரு வருஷம் நாம் சேர்ந்து உட்கார்ந்தது வீண்போகவில்லை என்று வசுமதி நினைத்துக்கொள்ளலாம். மாற்றலைத்தான் அவளால் நிறுத்த முடியாது.

லாரி வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே ஆட்கள் சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஸ்வாதி லீவுக்குச் செங்கல்பட்டில் மாமா வீட்டில் இருந்தாள். ராமானுஜம் ராத்திரி ட்யூட்டி முடித்து வந்து படுத்துவிட்டான், அன்றைக்கு ராத்திரியும் போக வேண்டும். பத்தரை மணிக்கு ஜெஸ்ஸி, தலையில் ஒட்டடையும் கையில் செலோடேப்புமாக ஓடிவந்தாள்.

"அவுக கட்டிலைக் கழட்டிட்டு இருக்காக. ஒரு மணி நேரம் தேடமாட்டாக. போடுங்கக்கா."

அன்றைக்கு இரண்டு பேரும் ஆடிய மாதிரி என்றைக்கும் ஆடியதில்லை. கல்மழையில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. புழுவை வந்த வேகத்தில் சுருட்டினார்கள். ஒற்றைக்கண் பூதத்திடம் மட்டும் ஆளுக்கொரு உயிரைக் கொடுத்துவிட்டு, ஏழாவதின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது டிவியில் படம் போய் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக நின்றது. பின் ஆடிவிட்டது. ஜெஸ்ஸி, "ஐயோ ஏசப்பா" என்று உதட்டசைத்தபடி பாய்ந்துபோய் டிவிக்குப் பின்னால் கையை விட்டாள். கைக்குச் சிக்கிய பின்னையெல்லாம் கிடைத்த ஓட்டையில் எல்லாம் குத்தினாள்.

படம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது.

முந்தின ராத்திரி வசுமதி தனியாக சீரியல் பார்த்தபோது வைத்த வால்யூம் அப்படியே இருந்தது. டிங்டிங்கென்று ஒரு பாட்டும், அதற்குமேல் கப்பல்கள் சுடுகிற சத்தமும் சேர்ந்து கூடமே அதிர்ந்தது. ரிமோட், ரிமோட் என்று வசுமதி கையால் பாயைத் துழாவினாள். அந்த நேரத்தில் பாட்டுக்கு நடுவே 'கீச்' என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. மேலே இருந்த நீலக் கப்பல் வெடித்தது. அடுத்து 'டும்' என்று கனமாக ஒன்று. கீழே இருந்த பச்சைக் கப்பல் வெடித்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வசுக்கா" என்றாள் ஜெஸ்ஸி, குரலே எழும்பாமல். "மேல இருந்து வந்தா கீச்சு. கீழ இருந்து வந்தா டும்மு. பாத்தியளா?"

பார்த்தாள், கேட்டாள், வயிறெரிந்தாள். கேசட்டில் ஒரு கோளாறும் இல்லை. அது பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இவர்கள்தான் அதன் வாயைக் கட்டிவிட்டு ஆடியிருக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம். ரிமோட் கையில் கிடைத்துவிட்டது. சத்தத்தை அணைக்கிற பட்டனில் வசுமதியின் கட்டைவிரல் இருந்தது. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அணைத்தால் அவன் தூங்குவான், ஏழாவது ஸ்டேஜ் ஏழாவது ஸ்டேஜாகவே இருக்கும், ஜெஸ்ஸி லாரியில் ஏறிப் போய்விடுவாள். அணைக்காவிட்டால் ராத்திரி எட்டு மணி நேரம் கண் விழிக்க வேண்டிய மனுஷன் எழுந்து வருவான். எந்தப் பெண்டாட்டியும் இந்த ஊரில் இதைச் செய்ததில்லை. வசுமதி ரிமோட்டைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள்.

கதவு திறந்தது. ராமானுஜம் லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்து நின்றான். ஜெஸ்ஸி சட்டென்று ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். வீடு பழையபடி அமைதியானது.

"இன்னா வசு அது, கீச்சுன்னு?"

"நிறுத்திட்டேங்க. பின்னு மாறிப்போச்சு. நீங்க போய்ப் படுங்க. ராத்திரி ட்யூட்டி வேற கீது, நான் பாருங்க இப்படிப் பண்ணி..." என்றாள் வசுமதி.

"நிறுத்தாத. ஓடட்டும். நான் ஒண்ணும் தூங்கலை."

"நான்தான் எழுப்பிட்டேன்."

"நீ எழுப்பல வசு. நான் தூங்கவே இல்ல. பகல்ல எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

"எப்போலேர்ந்து?"

ராமானுஜம் கழுத்தைச் சொறிந்தான். ஜெஸ்ஸி இருக்கிறாளே என்று ஒரு முறை பார்த்தான். அவளும் இன்றைக்குப் போய்விடப் போகிறவள்தானே என்று தோன்றியிருக்க வேண்டும்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னு வெச்சுக்கயேன். அங்க வேல செய்யற எடத்துல எந்நேரமும் மெஷினு ஓடற சத்தம் காதுல இருந்துகினே இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுல உக்காந்தா அந்த எஞ்சின் சத்தத்துல தூங்கிடுவேன், டிரைவர் தட்டி எழுப்புவாரு. வூட்டுக்கு வந்து படுத்தா ஒரே நிசப்தம். அதுல நீ கால் விரல்ல நடக்கறது கேக்கும். கரண்டிய மெதுவா வெக்கறது கேக்கும். பாப்பாவ 'உஷ்'னு சொல்றது கேக்கும். சத்தம் வராம இருக்க நீ படற பாட்டக் கேட்டுகினே கண்ண மூடிப் படுத்திருப்பேன்."

"அப்ப அன்னைக்கு விசிலு?"

"எந்த விசிலு?"

அவனுக்கு ஞாபகமே இல்லை. பரணில் கிடந்த குக்கர், பெட்டியில் கிடந்த கொலுசு, டீச்சருக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்ற மகள் என்று ஒவ்வொன்றாக வசுமதியின் கண் முன்னால் வந்தன.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா உனக்கு? பெத்த பொண்ண ஊமையாட்டம் வளத்து வெச்சிருக்கேன். யாருக்காக?" கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போடாமல் அவள் அவனிடம் பேசியது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"நீ இவ்ளோ கஷ்டப்படறியே வசு" என்றான் ராமானுஜம், தலையைக் குனிந்துகொண்டு. "அது ஒண்ணுத்துக்கும் ஒதவலைன்னு எந்த வாயால சொல்றது? சொன்னா நீ நொந்துபோவ. சரி, படுத்திருக்கறதுதானே, படுத்துகினு போவோம்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவன் கண்களுக்குக் கீழே கறுத்துக் கிடந்த வளையத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வயசாகிறது என்று நினைத்திருந்தாள். பதினோரு வருஷம் இந்த மனுஷன் தனக்காகத் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறான். அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜெஸ்ஸி இருந்ததால் இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க அந்த சோபாவுல உக்காருங்க" என்றாள் ஜெஸ்ஸி. "யக்கா, சண்டைய பொறவு போடுங்க. ஒங்களுக்கு வருசம் பூரா நேரம் கெடக்கு. எனக்கு லாரி நிக்கி."

ஆட்டம் மறுபடி ஓடியது. கீச் என்றால் மேலே சுட்டார்கள், டும் என்றால் கீழே சுட்டார்கள். சுட்டதும் இருட்டிலிருந்து ஒரு கப்பல் உருவம் எடுத்து, சிதறி மறைந்தது. இத்தனை நாள் தங்களைக் கொன்றவர்களின் முகத்தை அப்போதுதான் பார்த்தார்கள். "இவனா? இவ்வளவு பொடிப்பயலா?" என்று ஜெஸ்ஸி வாய்விட்டுச் சிரித்தாள். கீச், கீச், டும். வசுமதி மேலே, ஜெஸ்ஸி கீழே. கடைசியில் கீச்சும் டும்மும் ஒன்றாகவே வந்தன, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். பெரிய கப்பல் ஒன்று திரை முழுக்கத் தோன்றி வெடித்தது. பாட்டு மாறியது.

எட்டாவது ஸ்டேஜ் வந்தது. அதே வெறும் வானம், அதே நாலு நட்சத்திரம். கறுப்புக்குப் பதில் சிவப்பு வானம். அவ்வளவுதான் வித்தியாசம். 'கீச்' என்று மேலிருந்து ஒருத்தன் வந்தான்.

"இதுக்கா?" என்றாள் ஜெஸ்ஸி. "இதுக்கா நம்ம இவ்வளவு நாளா கெடந்து செத்தோம்? சாயத்த மாத்திப் போட்டு ஏமாத்துதான், பாவி!"

வசுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே சுட்டாள், சுட்டுக்கொண்டே சிரித்தாள். நீங்களும் இந்தக் கொடுமையைப் பாருங்கள் என்று சொல்ல ராமானுஜத்தின் பக்கம் திரும்பினாள்.

அவன் தூங்கிப்போயிருந்தான். சோபாவின் கையில் தலை சாய்ந்து, வாய் திறந்து, ஒரு கால் தரையில் தொங்க, சன்னமாகக் குறட்டை. டிவி அலறிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அவன் நிஜமாகவே தூங்கி அவள் பார்த்ததில்லை. தூங்குகிற முகம் எவ்வளவு வேறாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு டும்மைக் கோட்டை விடப் பார்த்தாள்.

"தூங்கிட்டாவ" என்று ஜெஸ்ஸி பழைய பழக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"சத்தமா பேசு" என்றாள் வசுமதி. "மெதுவா பேசினா ஏந்துடுவாரு."

அப்போது தெருவில் லாரி ஹாரன் அடித்தது. "ஜெஸ்ஸி!" என்று ஜெபசிங் கூப்பிட்டார். வசுமதி ஆட்டத்தை நிறுத்திவைக்கப் போனாள். ஜெஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துனா சத்தம் போயிரும்லா. அண்ணாச்சி முழிச்சிருவாக."

"வாசல் வரைக்கும்கூட வராம எப்படிடி உன்ன அனுப்பறது?"

"எந்திக்காதிய. ராத்திரி ட்யூட்டிக்குப் போற மனுசன். தூங்கட்டும். நீங்க ஆடுங்க, நான் போயிருதேன்."

ஜெஸ்ஸி குனிந்து வசுமதியின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தாள். தூசியும் செலோடேப்பும் வேர்வையும் கலந்த வாசனை அடித்தது. வசுமதியால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே கீச்சென்றது. அவள் போகிற காலடிச் சத்தத்தையும் கேட்க முடியவில்லை, டிவி அவ்வளவு இரைச்சலாக இருந்தது.

"கேம் பெட்டி எங்க?" என்று தெருவில் ஜெபசிங் இரைந்து கேட்டது காதில் விழுந்தது.

"அது கெட்டுப்போச்சு, விடுங்க!" என்றாள் ஜெஸ்ஸி, அந்தப் பெட்டியின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. பிறகு, அணுபுரத்தில் கால் வைத்த முதல் வாரத்துக்கப்புறம் யாரும் கேட்டிராத தன் சொந்தக் குரலில் கத்தினாள். "வசுக்கா! போயிட்டு வாரேன்க்கா! நேரத்துக்குச் சாப்புடுங்க!"

வசுமதி தொண்டையைச் செருமினாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பயன்படுத்தாத குரல், முதலில் காற்றாகத்தான் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, பலம்கொண்ட மட்டும் கத்தினாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி! பையன நல்லா பாத்துக்க! என்ன மறந்துடாத, கேக்குதா?"

"கேக்குதுக்கா! நல்லா கேக்குது!"

எதிர்வரிசையில் உலகநாதன் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. ராமானுஜம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஆளில்லாத பச்சைக் கப்பல் சிவப்பு வானத்தின் கீழ்ப்பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வசுமதி நீலக் கப்பலை இறக்கி அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். டும் என்றது, சுட்டாள். கீச் என்றது, மேலே ஓடிச் சுட்டுவிட்டுத் திரும்பவும் பச்சைக் கப்பலுக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து திரை முழுக்கக் கலங்கிப்போயிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. காதை வைத்துக்கொண்டு ஆடினாள்.